இரண்டாம் இதழுக்கு ஆறு அட்டைகள்

சொந்தக் காசில், சொந்த வீட்டில், சொந்தப் பிடிவாதத்தில் காமிக்ஸ் புத்தகம் போடுகிற ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகக் கண்காட்சிக்குப் போனால், பெரிய பதிப்பகங்களின் வெளிச்சமெல்லாம் முடிந்து, கழிப்பறைக்குப் போகும் வழி தொடங்குகிற மூலையில், ஒரு மேசைக்குப் பின்னால், போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் தொலைந்துபோன சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரேதான். போகிறவர்கள் அவசரத்தில் நிற்க மாட்டார்கள். திரும்பி வருகிறவர்கள் நிற்பார்கள். அவருடைய வியாபாரம் முழுக்க அந்தத் திரும்பி வருகிறவர்களை நம்பித்தான் நடக்கிறது.

இந்த இனத்தில் கதைக்காகச் சொத்தை விற்றவர்கள் உண்டு, படத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. நாம் பார்க்கப்போகிறவர் அந்த இரண்டிலும் சேராதவர். அவர் அட்டைப் பிரிவு. அட்டைக்காகவே புத்தகம் போடுகிறவர். அட்டை நிற்பதற்கு உள்ளே ஏதாவது பக்கங்கள் வேண்டுமே என்பதற்காகக் கதையையும் சேர்த்துக்கொள்கிறவர்.

அவரை எல்லோரும் ‘பதிப்பகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைபேசியை எடுத்தால், “வணக்கம், பதிப்பகத்துலேருந்து பேசுறோம்” என்பார். யார் அந்த ‘றோம்’? அவர், ஒரு பீரோ, அடியில் அட்டைப்பெட்டிகளைத் திணித்து வைத்ததால் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு கட்டில். ஆனாலும் பதிப்பகத்துக்கு நான்கு மின்னஞ்சல் முகவரிகள் உண்டு. புத்தகத்தின் மூலை மடங்கியிருக்கிறது என்று யாராவது விற்பனைப் பிரிவுக்கு எழுதினால், “தங்கள் புகார் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலான கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று பதில் போவதோடு சரி என்று நினைக்காதீர்கள். அவர் உண்மையிலேயே நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டிலில் போய் உட்கார்ந்து, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவாக மாறி, மடங்கிய மூலையைப் பற்றி முகத்தைச் சுளித்து யோசிப்பார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற அவர் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்.

“தரக்கட்டுப்பாடு சாப்பிட வருதா, இல்ல ஆறிப்போனதும் புகார் குடுக்கப்போகுதா?”

பதிப்பகத்தின் படைப்புப் பிரிவு மனைவியின் தங்கை. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் அவள் படம் வரைவாள். மறு பாதியில் குடும்பம் சாப்பிடும். மைப்புட்டி ஒருமுறை ரசம் மாதிரி கவிழ்ந்ததிலிருந்து நடுவில் ஓர் அளவுகோல் எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. அவள் வரைந்த கதையில், கட்டட வேலை நடக்கிற இடத்தில் வானத்துக்கும் பூமிக்குமாக நிற்கிற கிரேனை ஓட்டுகிற ஒரு பெண்தான் நாயகி. முதல் இதழ் போன வருஷம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கிரேனின் கை தானாகத் திரும்ப, நாயகி அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டே இருக்கிறாள்.

அந்த முதல் இதழுக்கு நூற்றுப் பன்னிரண்டு பாராட்டுகள் வந்தன. நூற்றுப் பதினொன்று அட்டையைப் பற்றி. ஒன்று மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாளில், தபாலில் வந்தது.

‘கிரேன் ஓட்டுற அம்மாவை நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா கீழே ஆள் இல்லாம மேலே எந்தக் கிரேனும் ஓடாது. உயரத்தில இருக்கிறவங்களுக்குக் கீழே நடக்கிறது தெரியாது. கீழே ஒருத்தன் கொடி வச்சுக்கிட்டு நிப்பான், கையாலயே பேசுவான். அவன் எங்கே? நான் பத்தொன்பது வருஷமா அந்த வேலைதான் பார்க்கிறேன்.’

பதிப்பகம் அதைப் படித்துவிட்டு, அட்டையைப் பற்றி ஒன்றும் இல்லாததால் ஓரமாக வைத்தார். தங்கை அதை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். பதினோரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் இதழை வரைந்தாள். நடுவில் எட்டுப் பக்கங்களுக்கு ஒரு வசனம் கிடையாது. ஒரு கையால் கொக்கியைப் பிடித்து மேலே தொங்குகிற பெண்ணும் கீழே நிற்கிற கொடிக்காரனும் கையாலேயே பேசிக்கொள்கிறார்கள். தானாகத் திரும்பின கிரேன் அவன் கை அசைவுக்குக் கட்டுப்பட்டு, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறது. தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே அந்த எட்டுப் பக்கம்தான் உருப்படி என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தொல்லை.

அந்தப் பதினோரு மாதமும் பதிப்பகம் என்ன செய்துகொண்டிருந்தார்? அட்டை. முதல் அட்டையில் நாயகி முன்பக்கம் பார்க்கிறாள். இரண்டாவதில் முதுகைக் காட்டுகிறாள். மூன்றாவதில் கொக்கி மட்டும். நான்காவது விளக்கை அணைத்தால் ஒளிரும், விளக்கைப் போட்டால் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது வெறும் வெள்ளை, ஒரு கோடுகூட இல்லாத சுத்த வெள்ளை. விலையில் அதுதான் உச்சம். ஆறாவது, ‘இவ்வளவும் வாங்க முடியாத ஏழை எளியவர்கள்’ வாங்குவதற்கான சாதாரண அட்டை. எல்லாம் சேர்த்து முந்நூறே பிரதிகள். முந்நூற்றோராவது ஆள் கேட்க மாட்டார் என்பதால் முந்நூறு. ஆனால் விளம்பரத்தில் அதை அப்படியா போடுவார்கள்? ‘உலகம் முழுமைக்கும் முந்நூறு பிரதிகள் மட்டுமே!’

அச்சகத்துக்கு அவர் அட்டைக்காக மட்டும் பத்தொன்பது தடவை போனார். மாதிரிப் பிரதியின் அட்டையைக் குழல்விளக்கில் பார்த்தார், ஜன்னலோரம் வெயிலில் பார்த்தார், அச்சகக்காரரின் ஸ்கூட்டர் விளக்கைப் போடச் சொல்லி அதிலும் பார்த்தார்.

“இந்தச் சிவப்பு கொஞ்சம் கோவமா இருக்குங்க. இன்னும் கொஞ்சம் வருத்தம் வேணும்.”

“சிவப்புல வருத்தத்துக்கு நான் எங்க போவேன்?” என்றார் அச்சகக்காரர். “அது கெடக்கட்டும், உள்பக்கம் பாத்துட்டீங்களா?”

“உள்ள எல்லாம் பக்காவா இருக்கும். நீங்க சிவப்பைப் பாருங்க.”

உள்பக்கப் பைலை அவர் ஒரே ஒரு தடவைதான் அனுப்பினார், அதுவும் தொலைபேசியில் சிவப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே.

புத்தகங்கள் வந்து இறங்கின. இந்த இனம் புதுப் புத்தகத்தை வரவேற்கிற அழகு இருக்கிறதே, அது பார்க்க வேண்டிய ஒன்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர விட்டு, பிறகு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் முகர்ந்து, முதுகைத் தடவி, மூலை நான்கையும் விசாரித்து, திறக்காமல், கவனிக்கவும், திறக்காமலே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, வாயை ஒட்டி, ‘உறை பிரிக்கப்படாதவரைதான் மதிப்பு’ என்று அச்சடித்த தங்க ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினார். உறைக்குள் ஓர் உண்மைச் சான்றிதழும் உண்டு. இந்தப் பிரதி உண்மையான பிரதி என்று, அதைப் போட்ட அவரே, அதை வாங்குகிறவருக்குச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருப்பார். நான்கு நாளில் முந்நூறுக்கும் உறை போட்டு முடிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

தங்கைக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அவள் வாங்கி, அப்படியே அலமாரியில் வைத்தாள். அச்சான தன் படத்தை உடனே பார்த்தால் தப்பு மட்டும்தான் கண்ணில் படும், மூக்கு கோணல், விரல் ஆறு என்று தூக்கம் போய்விடும், ஒரு மாதமாவது போகட்டும் என்பது அவள் வழக்கம். மனைவிக்கும் ஒன்று கொடுத்தார். “பதினோரு மாசம் இதுக்குப் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டேன்” என்று அவர் கண்ணாலேயே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் இருநூற்றறுபது பிரதிகள் தபாலில் போயின. மீதி கண்காட்சிக்கு. பாராட்டுகள் குவிந்தன. உறையோடு படம் பிடித்து, ‘பக்கத்துக்குப் பக்கம் விறுவிறுப்பு!’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘இரண்டாம் இதழ் முதல் இதழைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது!’ என்று இன்னொருவர். பதிப்பகம் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டு வாசிப்பார். தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

“அந்த எட்டுப் பக்கத்தைப் பத்தி யாராவது சொன்னாங்களா மாமா?”

“பொதுவா எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்கம்மா. அதுல அதுவும் அடக்கம்தானே?”

“அதைப் பத்தி ஒரு வார்த்தை?”

“வெள்ளை அட்டையைப் பத்தி நாலு பேர் அழுதே இருக்காங்க!”

கண்காட்சிக்கு முந்தின நாள் சாப்பிடும்போது, அவள் அளவுகோலைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். பற்பசை டப்பாவுக்குப் பல் வரைகிற வேலை ஒன்று வந்திருக்கிறது. நாள் முழுக்கப் பல், மேல் வரிசை, கீழ் வரிசை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“அப்போ மூணாவது இதழ்?”

“அந்த எட்டுப் பக்கமும் யார் மனசுலயும் ஒட்டல மாமா. அதுக்கு மேல எனக்கு வரையத் தெரியாது. கண்காட்சி முடியறதுக்குள்ள ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னா பாக்கலாம். இல்லாட்டி நான் பல் வரையப் போறேன்.”

இத்தனை வருஷத்தில் முதன்முதலாகப் பதிப்பகத்துக்கு ஒரு பயம் வந்தது. அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் வைக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டால்? இரண்டு நாள் கண்காட்சி. முதல் நாள் முழுக்க, நின்ற ஒவ்வொருவரிடமும், “உள்பக்கம் எப்படி இருந்துச்சு? நடுவுல ஒரு எட்டுப் பக்கம்?” என்று வலியக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும், “அருமைங்க, அருமை” என்று சொல்லிவிட்டு, ஒளிரும் அட்டை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். பக்கத்தில் நின்ற தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒருவர் வந்தார். திரும்பி வருகிறவர் இல்லை, நேராக இங்கேயே வந்தவர். வெயிலில் கறுத்த முகம், சலவைச் சட்டை, கையில் ஒரு பை. பைக்குள்ளிருந்து சாதாரண அட்டைப் பிரதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதுகில் மடிப்பு விழுந்திருந்தது. ஓரமெல்லாம் கட்டைவிரல் தடம். ஒரு பக்கத்தில் தேநீர் வட்டம்.

பதிப்பகம் நெஞ்சில் கை வைத்தார்.

“பிரிச்சுட்டீங்களா!”

“பிரிக்காம எப்படிங்க படிக்கிறது?” என்றார் வந்தவர், நிஜமாகவே புரியாமல். “கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் ஒரு கடுதாசி போட்டிருந்தேன், கொடிக்காரன் எங்கேன்னு. இந்தத் தடவையாவது வருவான்னு பாத்தேன். கொடிக்காரனும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வருஷம் வந்த அதே கதைதான் இருக்கு. அட்டைதான் வேற. ஒருவேளை எனக்குத்தான் விளங்கலையோன்னு மூணு தடவை படிச்சேன்.”

தங்கை அந்தப் பிரதியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கம், முதல் இதழ். கடைசிப் பக்கம், முதல் இதழ். நாயகி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“இது ஒண்ணு மட்டும் மாறியிருக்கும்மா” என்றார் பதிப்பகம். ஒரே வழிதான் இருந்தது. உறை போட்ட பிரதி ஒன்றை எடுத்தார், தங்க ஸ்டிக்கரைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். முதல் இதழ். இன்னொன்று. முதல் இதழ். வெள்ளை அட்டையையும் வெட்டினார். அதற்குள்ளும் முதல் இதழ். போன வருஷத்துப் பைலுக்கும் இந்த வருஷத்துப் பைலுக்கும் ‘உள்பக்கம் இறுதி’ என்று ஒரே பெயர் வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முந்நூறு பிரதிகள் வெளியே வந்து ஐந்து வாரம் ஆகிறது. பிரித்தவர் ஒரே ஒருவர்.

தங்கை முதலில் சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு.

“அப்போ யாருக்கும் பிடிக்காமப் போகல. யாரும் பாக்கவே இல்ல!” சிரிப்பு நடுவிலேயே நின்று கண் கலங்கியது. “நீங்களாவது ஒண்ணைப் பிரிச்சுப் பாத்திருக்கலாமே மாமா.”

“நீயும் பிரிக்கலையேம்மா…”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவரின் பிரதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், பதிப்பகம் ஒளிக்கவில்லை. அங்கேயே நின்றபடி தொலைபேசியிலேயே இணையத்தில் அறிவிப்புப் போட்டார்: உள்பக்கம் தவறாக அச்சாகிவிட்டது, பிரதியைத் திருப்பி அனுப்பினால் சரியான பிரதி கிடைக்கும், மன்னிக்கவும். வசை வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அரை மணி நேரத்தில் நாற்பத்தேழு பதில்கள் வந்தன. திருப்பி அனுப்புகிறேன் என்று ஒருவரும் இல்லை.

‘பிழைப் பதிப்பா? இன்னும் இருக்கா? எனக்கு நாலு!’

‘தயவுசெய்து சரியானதை அனுப்பிக் கெடுத்துவிடாதீர்கள்.’

முதல் இதழைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று எழுதியிருந்தவர் நேரிலேயே மூச்சிரைக்க ஓடி வந்தார். வெட்டாத பிரதிக்கு மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். “உள்ள தப்பா இருக்குன்னு சான்றிதழ் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. ஆனா நான் பிரிக்க மாட்டேன்” என்றார்.

பதிப்பகத்தின் கண்ணில் பழைய பளபளப்பு திரும்பி வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. வெள்ளி நிற ஸ்டிக்கர், அதில் ‘அரிய பிழைப் பதிப்பு’, எண் போட்டு, கையெழுத்துப் போட்டு… கை தானாகப் பேனாவைத் தேடியது. தேடின கண், பக்கத்தில் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்த கொடிக்காரர் மேல் பட்டது. அவர் யாரையும் தொந்தரவு செய்யாமல், மூன்று தடவை படித்ததை நான்காம் தடவை புரட்டிக்கொண்டிருந்தார், எங்கேயாவது தன்னைத் தவற விட்டிருப்போமோ என்று. தங்கை அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிப்பகம் பேனாவை வைத்தார்.

“கொஞ்சம் இருங்க. எங்கேயும் போயிடாதீங்க” என்று கொடிக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. தொலைபேசியிலிருந்து இரண்டாம் இதழின் முப்பத்திரண்டு பக்கங்களையும் அனுப்பினார். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து அனுப்பினார். கறுப்பு வெள்ளையில், மட்டத் தாளில், இயந்திரத்திலிருந்து சூடாக ஒவ்வொரு பக்கமாக வந்தது. வரவர எடுத்துப் பார்த்தார். பதினோரு மாதம் தன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்ததை அந்த மனிதர் அன்றைக்குத்தான் படித்தார். வசனமில்லாத பக்கங்கள் வந்தபோது, கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு இரண்டு தடவை கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. நன்றாகவே வெட்கமாக இருந்தது.

நாலு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அட்டையே இல்லாமல் வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான்.

கொடிக்காரர் படித்தார். அவசரமில்லாமல், ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திருப்பினார். தங்கை மேசையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். எட்டுப் பக்கம் வந்தது. மூன்றாவது பக்கத்தில் கொடிக்காரரின் வலது கை முழங்கால் மேலிருந்து எழுந்தது. விரல் கீழே பார்க்க, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது: இறக்கு, இறக்கு, மெதுவா இறக்கு. தன் கை அசைவது அவருக்குத் தெரியவே இல்லை. கழிப்பறையிலிருந்து திரும்பி வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கடைசிப் படத்தில் நாயகியின் கால் தரையில் பட்டபோது அந்தக் கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, குறுக்கே அசைந்து நின்றது.

“இது தப்பும்மா” என்றார் நிமிர்ந்து. “நிறுத்துன்னா உள்ளங்கை இப்படிக் கீழ பாக்கணும். நீங்க முன்னால பாக்கற மாதிரி போட்டிருக்கீங்க. மேலேருந்து பாத்தா அது வேற மாதிரி புரியும்.” பிறகு தாளைத் தடவிக்கொண்டே சொன்னார். “மத்தபடி இவன் நான்தான். என் வீட்டுல காட்டுவேன். நான் அங்க நின்னு என்ன பண்றேன்னு அவங்களுக்கு இதுவரைக்கும் சொல்லி விளங்க வச்சதில்ல. மூணாவது எப்போ வரும்?”

தங்கை பென்சிலை எடுத்தாள். “அந்தக் கையை இன்னொரு தடவை காட்டுங்க” என்றாள். அவர் காட்டினார். அவள் வரைந்தாள். திங்கட்கிழமை பற்பசைக்காரருக்கு என்ன பதில் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்து, கொடிக்காரர் எழுந்தபோது, பதிப்பகத்தின் கை பழக்கதோஷத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நீண்டது. உலகத்திலேயே ஒரே பிரதி அல்லவா! கொடிக்காரர் அதைக் கவனிக்காமல், புத்தகத்தை நடுவில் இரண்டாக மடித்து, பின்பக்கப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தார். பதிப்பகம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன கண்காட்சியில் ஆசையாக வாங்கி வந்தீர்களே, அந்தக் கட்டு எங்கே இருக்கிறது? அலமாரியில் இரண்டாவது தட்டில், முதுகு வெளியே தெரிகிற மாதிரி அழகாக அடுக்கி, படம்கூடப் பிடித்துப் போட்டீர்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறதா? எழுதின நண்பரிடம், “படிச்சேன், பிரமாதம்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவின அந்த நாளும் ஞாபகம் இருக்கிறதா? எதற்கும் இன்றைக்கு ஒரு கத்தரிக்கோலை எடுத்து ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சரியான புத்தகம்தான் இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?